பிரம்புக்கு ஒரு விதிவிலக்கு

"கண்ணை விட்டுவிட்டுத் தோலை உரித்தெடுங்கள், வாத்தியார்" என்று சொல்லிப் பிள்ளையைப் பள்ளியில் ஒப்படைக்கும் தந்தையரின் குரல் எமது கிராமங்களிலிருந்து முற்றாக மறைந்துவிட்டது எனக் கூறுவதற்கில்லை. அந்த வாக்கில் நம்பிக்கையும் உண்டு; கையறு நிலையும் உண்டு. தான் பெறாத கல்வியைத் தன் பிள்ளையாவது பெற்றுக் கரையேறவேண்டும் என்ற ஏக்கத்தில், பிள்ளையின் உடல்மீது தனக்குள்ளதாக எண்ணிய உரிமையை அந்த ஏழைத் தந்தை ஆசிரியனுக்குத் தாரைவார்த்துக் கொடுத்தான். அவ்வுரிமையின் வரலாற்றையே நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம். சிறுவரைக் காக்கவென இயற்றப்பட்ட சட்டங்கள் ஆசிரியனிடம் எதனை எதிர்பார்த்தன, அவனுக்கு எதனை விட்டுக்கொடுத்தன என்று நோக்குவோமாயின், வகுப்பறையில் நிற்கும் எம் போன்றோர்க்கு அது அத்துணை இனிமையான வரலாறன்று.

எமது நாட்டுச் சிறுவர் சட்டங்களின் வேர் இங்கிலாந்தில் இருப்பதால் அங்கிருந்தே தொடங்கவேண்டியுள்ளது. 1833 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பட்டாலைகள் நீங்கலாக ஏனைய நெசவாலைகளில் ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கமர்த்துவதைத் தடைசெய்தது. அதற்கு மேற்பட்டுப் பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யலாகாது. இரண்டு மணி நேரம் பள்ளிக்குச் செல்லவும் வேண்டும். இதனைக் கண்காணிக்க நாடு முழுவதற்கும் நான்கே நான்கு பரிசோதகர்கள்! பிள்ளை பள்ளிக்குச் சென்றது என்பதற்கு ஆசிரியன் தரும் சான்றிதழே ஆதாரம். ஆனால் பரிசோதகர்கள் ஆலைகளுக்குச் சென்று அச்சான்றிதழ்களைப் பார்த்தபோது, ஆசிரியரின் கையொப்பம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பெருக்கற் குறியைக் கண்டார்கள். கையொப்பமிடத் தெரியாதவர்கள் கல்விக்குச் சான்று வழங்கிக்கொண்டிருந்தார்கள். 1844 ஆம் ஆண்டுச் சட்டம், ஆசிரியன் தன் கையெழுத்திலேயே சான்றிதழை நிரப்பவேண்டும் என்று விதிக்கும் அளவுக்கு நிலைமை இருந்தது. 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' நூலின் முதற் பாகத்தில் கார்ல் மார்க்ஸ் இப்பரிசோதகர்களின் அறிக்கைகளை விரிவாகப் பயன்படுத்தியிருப்பதை அந்நூலைப் பயின்றோர் அறிவர்.

அந்த ஆசிரியர்களைப் பார்த்து நகைப்பது எளிது. மலிவாகக் கிடைத்தவரை ஆசிரியராக்கிப் பல இடங்களிற் பள்ளி என்ற பெயரை மட்டும் தாங்கிய அறைகளை நடத்திய ஆலை முதலாளிகளையன்றோ முதலிற் கேட்கவேண்டும்? எனினும் ஓர் உண்மை அங்கேயே புலனாகின்றது. சிறுவரைக் காக்கும் சட்டம் பிறந்த காலத்திலேயே ஆசிரியனை நம்பி நின்றது. அந்நம்பிக்கைக்கு அவனை ஆயத்தம் செய்ய எவரும் முன்வரவில்லை.

1860 இல், ஈஸ்ட்போர்ண் என்னும் கடற்கரை நகரில், தோமஸ் ஹொப்லி என்ற ஆசிரியர் ரெஜினால்ட் கன்செலர் என்ற மாணவனை அடித்தே கொன்றார். பையனுக்கு வயது பதினைந்து. பாடம் ஏறவில்லை, பிடிவாதக்காரன் என்பது குற்றச்சாட்டு. கைத்தடியாலும் கயிற்றாலும் இரவில் நெடுநேரம் நடந்தது அந்தத் 'திருத்தம்'. அதற்கு முன்பாகப் பையனின் தந்தையிடம் கடிதமூலம் ஹொப்லி சம்மதம் பெற்றிருந்தார் என்பதே கவனிக்கத் தக்கது. தோலை உரிக்கச் சொன்ன தந்தையர் எம்மிடையே மட்டும் இருக்கவில்லை. நீதிமன்றம் ஹொப்லிக்கு நான்கு ஆண்டுச் சிறை விதித்தது. ஆனால் பிரதம நீதியரசர் கொக்பேர்ண் அவ்வழக்கில் எடுத்துரைத்த சட்டக் கொள்கை அந்தச் சிறைத்தண்டனையை விட நீண்ட ஆயுள் பெற்றது. பெற்றாரோ, அவர் அதிகாரம் வழங்கிய ஆசிரியரோ, மிதமாகவும் நியாயமாகவும் பிள்ளையை அடிக்கலாம். மிதம் கடந்தாலே குற்றம் என்பது அதன் சாரம். மிதம் எங்கே முடிகின்றது என்பதை அறிய ஒரு பிள்ளை சாகவேண்டியிருந்தது.

கால்நடைகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்க இங்கிலாந்து 1822 இலேயே சட்டம் இயற்றிவிட்டது. விலங்குகளின் பாதுகாப்புக்கென 1824 இற் சங்கம் தோன்றியது. பிள்ளைகளுக்கான முதற் சங்கம் லிவர்பூலில் 1883 இலும், அவர்களைக் கொடுமையிலிருந்து காக்கும் சட்டம் 1889 இலும் வந்தன. மாட்டுக்கும் மனிதப் பிள்ளைக்கும் இடையே அறுபத்தேழு ஆண்டுகள்! பெற்றார் வீட்டுக்குள்ளும் சட்டம் நுழையலாம் என்று கூறிய அந்த 1889 ஆம் ஆண்டுச் சட்டம் பெரியதொரு முன்னேற்றமே. ஆயினும் அதனுள் ஒரு பிரிவு அமைதியாக வந்தமர்ந்தது: பெற்றார், ஆசிரியர் முதலியோர் பிள்ளைக்குத் தண்டனை வழங்கும் உரிமையை இச்சட்டம் பாதிக்காது என்பது அதன் பொருள். 1908 இலும் 1933 இலும் சிறுவர் சட்டம் புதிதாக எழுதப்பட்டபோது இவ்விதிவிலக்கும் உடன் சென்றது. பின்னர் கப்பலேறி இலங்கைக்கும் வந்தது.

1939 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் எமது நாட்டின் அடிப்படைச் சிறுவர் சட்டமாகும். பதினான்கு வயதுக்குட்பட்டவரைச் சிறுவர் என்றும், பதினான்கு முதல் பதினாறு வரை உள்ளவரை இளம் ஆள் என்றும் அது வகுத்தது. பராமரிப்பும் பாதுகாப்பும் வேண்டிநிற்கும் பிள்ளையை நீதிமன்றத்தின்முன் கொண்டுவர வழிசெய்தது. பிள்ளைக்கு இழைக்கும் கொடுமையை அதன் 71 ஆம் பிரிவு குற்றமாக்கியது. அப்பிரிவின் ஆறாம் உட்பிரிவிலோ பழைய விதிவிலக்கு அப்படியே இருந்தது. கொடுமை குற்றம்; ஆசிரியனின் தண்டனை உரிமை.

இதனை அந்நியன் கொண்டுவந்த தீமை என்று மட்டும் கூறித் தப்பிக்கொள்ள நாம் விரும்பவில்லை. எமது திண்ணைப் பள்ளிக்கூடங்களிற் கோதண்டம் போட்டுப் பிள்ளையைக் கயிற்றிலே தொங்கவிட்ட காலம் ஒன்றிருந்தது. அடியாத மாடு படியாது என்ற பழமொழியை எந்த ஆங்கிலத் துரையும் எமக்குக் கற்பிக்கவில்லை. எமது வழக்கத்துக்கு அந்நியனின் சட்டம் முத்திரை குத்திக் கொடுத்தது என்பதே பொருத்தம்.

இங்கிலாந்துச் சட்டத்தின் மறுபக்கமும் ஒன்றுண்டு. அது எமது கரையை எளிதில் வந்தடையவில்லை. 1945 ஜனவரி 9 ஆம் திகதி, சுரொப்சயர்ப் பண்ணை ஒன்றில், டெனிஸ் ஓநீல் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் தன்னை வளர்க்கப் பொறுப்பேற்றவரின் அடியாலும் பட்டினியாலும் இறந்தான். அவனை அங்கு அனுப்பியது அரசாங்கமே. தாய் தந்தையர் பராமரிக்கத் தவறினர் என்று கூறி நீதிமன்ற ஆணைப்படி அவன் பிரிக்கப்பட்டிருந்தான். அதாவது அவன் சட்டத்தின் பாதுகாப்பிலிருந்த பிள்ளை. இரண்டு உள்ளூராட்சி மன்றங்கள், ஒன்று மற்றதன் பொறுப்பென்று இருந்துவிட்டன. இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு ஓர் அலுவலகப் பணியாளர் அங்கு சென்று, பையனின் நிலை சரியில்லை என்று அறிவித்திருந்தார். அறிக்கை மேசையில் இருந்தது. பையன் பண்ணையில் இருந்தான்.

இம்மரணம் நாட்டை உலுக்கியது. கேர்ட்டிஸ் அம்மையார் தலைமையிலான குழுவின் அறிக்கை 1946 இலும், புதிய சிறுவர் சட்டம் 1948 இலும் வெளிவந்தன. குழு தனது முழு அறிக்கைக்கு முன்னதாகவே, பிள்ளைகளைப் பராமரிப்போரின் பயிற்சி பற்றித் தனியாக ஓர் இடைக்கால அறிக்கையை வெளியிட்டது. அதனையே நாம் பெரிதாக மதிக்கின்றோம். நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டங்களை மட்டும் இயற்றிய நாடு, பிள்ளையைப் பார்ப்பதும் ஒரு தொழிற்றிறன், அதனைக் கற்றே தீரவேண்டும் என்று முதன்முதலாகத் தெளிவுற ஒப்புக்கொண்டது அப்பொழுதுதான்.

இங்கே, நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகளுக்கெனத் திணைக்களம் 1956 இல் அமைந்தது. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றது. 1995 இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டுச் சிறுவர் மீதான கொடுமையும் பாலியற் சுரண்டலும் கடுமையான குற்றங்களாயின. 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையைத் தோற்றுவித்தது. ஏட்டிலே குறையொன்றுமில்லை. ஆனால் மலையகத் தோட்டங்களிலிருந்து பள்ளியைவிட்டுக் கொழும்பு மாளிகைகளுக்கும் யாழ்ப்பாணத்து வீடுகளுக்கும் வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுமிகளை இச்சட்டங்களில் எது நேரத்துக்குச் சென்று கண்டது? இடாப்பில் அவர்களின் பெயருக்கு நேரே வரவின்மைக் குறியிட்ட ஆசிரியருக்கே அது முதலிற் தெரியும்.

பிரம்பின் கதைக்கு மீள்வோம். 2005 இல் நீதிமன்றம் விதிக்கும் கசையடி சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதே ஆண்டு கல்வியமைச்சின் 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடற்றண்டனையைத் தடைசெய்தது. குற்றவாளியின் முதுகும் மாணவனின் உள்ளங்கையும் ஒரே ஆண்டில் விடுதலை பெற்றன. ஆயின், சுற்றறிக்கை வந்தபோது 1939 ஆம் ஆண்டின் விதிவிலக்கு நீக்கப்படவில்லை; ஆசிரியரின் ஓய்வறைகளில் அதுவே மேற்கோளாயிற்று. ஆசிரியரின் அறையால் மாணவன் ஒருவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், அது அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை தடைசெய்யும் கொடூரமான, இழிவான நடத்தையே என்று உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியிற் தீர்ப்பளித்தது. இங்கிலாந்தின் அரசாங்கப் பாடசாலைகளில் 1987 ஆம் ஆண்டிலேயே பிரம்பு வீழ்ந்துவிட்டது.

"பிரம்பைப் பறித்துவிட்டீர்கள்; பதிலுக்கு எதைத் தந்தீர்கள்?" என்று எமது நண்பர்கள் கேட்கின்றார்கள். நாற்பத்தைந்து பிள்ளைகளை ஓர் அறைக்குள் அடைத்து, ஒரு சுற்றறிக்கையை அனுப்பிவிட்டால் எல்லாம் முடிந்ததென்று கருதும் நிர்வாகத்தை நோக்கி எழுப்பப்படுமாயின் அது நியாயமான கேள்வியே. அடிக்கும் கைக்குப் பயிற்சி தேவையில்லை. கேட்கும் செவிக்கு அது தேவை. பிள்ளை ஒன்று தனக்கு நேர்ந்ததைச் சொல்ல வாயெடுக்கும்போது, பதறாமல் இருக்கவேண்டும். அதன் வாயில் எமது சொற்களைத் திணித்துவிடக்கூடாது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுத்துவிடக்கூடாது. அது சொன்ன சொற்களையே திகதியிட்டு எழுதி, உரிய அதிகாரியிடம் சேர்க்கவேண்டும். அதிபர், பெற்றார், பொலிசார் என்று ஆளுக்கொரு முறை அதே துயரைப் பிள்ளை ஒப்புவிக்க நேர்வது இரண்டாவது கொடுமை. சிறுவரின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து சான்றாக ஏற்க 1999 இல் இயற்றப்பட்ட சட்டம் இதனை உணர்ந்தே எழுதப்பட்டது. எமது பல்கலைக்கழகத் தமிழ்ப் பட்டத்தில் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைக் கசடறக் கற்றோம். எதிரே இருக்கும் பிள்ளையின் முகத்திலுள்ள மெய்ப்பாட்டை வாசிக்க எவரும் கற்பிக்கவில்லை.

கரையோரக் கிராமமொன்றில் நாம் கற்பித்த காலத்தில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் முதற் பாடவேளையில் நாள்தோறும் உறங்குவான். வாங்கின்மேல் ஏற்றி நிறுத்தினோம். நின்றுகொண்டே உறங்கினான். சுற்றறிக்கையை அறிந்திருந்தும் இருமுறை பிரம்பை எடுத்தோம். கையை நீட்டினான், அழவில்லை. அது திமிர் என்று எமக்குத் தோன்றியது. ஒருநாள் பின்வாங்கிலிருந்த சிறுமி ஒருத்தி எழுந்து, "சேர், அவன் விடியப்புறம் வலை இழுக்கப் போறவன், தகப்பன் இல்லை" என்றாள். மூன்று மணிக்கு எழுந்து, கரைவலை இழுத்து, பங்கு மீனைத் தாயிடம் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தான். நீட்டிய அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தோம். கயிறு அறுத்த காய்ப்புகள் உள்ளங்கை முழுவதும் இருந்தன; எமது பிரம்பு விழுந்த இடமும் அதுதான். இடாப்பைப் புரட்டினோம். அவன் எமது வகுப்புக்கு வந்தது ஜனவரியில். நாம் அவனிடம் முதற் கேள்வியைக் கேட்டது ஜூன் மாதத்தில்.