சான்றிதழ் தொடங்கும் ஆண்டு

சான்றிதழ் பெறப்போகும் செம்பனைத் தோட்டத்திடம் முதலில் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, காட்டை எப்போது அழித்தீர்கள் என்பது. 2004-இல் உருவான ஆர்.எஸ்.பி.ஓ. எனும் வட்டமேசை அமைப்பு அதற்கு வைத்திருக்கும் எல்லை 2005 நவம்பர். ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புச் சட்டத்துக்கு 2020 டிசம்பர் 31. நெகிரி செம்பிலானின் பழைய தோட்டங்களுக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. அங்கே காடு போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு.

1896-இல் நெகிரி செம்பிலான் கூட்டரசு மலாய் மாநிலங்களில் ஒன்றானது. அடுத்த இருபது ஆண்டுகளில் ரப்பர் விலை ஏற ஏற லாபு, ரந்தாவ், சிலியாவ், போர்ட்டிக்சன் பக்கத்துக் காடுகள் தோட்டங்களாயின. தெமுவான் பூர்வகுடிகள் புழங்கிய காடுகள் அவை. மரம் சாய்த்ததில் மலாய்க்காரர்களுக்கும் சீனக் குத்தகையாளர்களுக்கும் பங்குண்டு. ஆனால் கன்று நட்டதும், களை பிடுங்கியதும், பால் வெட்டியதும் பெரும்பாலும் கங்காணிகளோடு கப்பலேறி வந்த தமிழர்கள்தான். 1960-களுக்குப் பிறகு அதே மண்ணில் செம்பனை வந்தது. லண்டனில் பதிவாகியிருந்த கத்ரி நிறுவனத்தின் பங்குகளை 1981 செப்டம்பர் 7 அன்று ஒரே காலையில் மலேசியா வாங்கிக்கொண்டது. 2007-இல் அது சைம் டார்பியோடு இணைந்தது. அந்த நிறுவனத்தின் தோட்டப் பிரிவு 2024-இல் எஸ்.டி. கத்ரி என்று பெயர் மாறியது. நிறுவனத்தின் வரலாறு இப்படித் தொடர்ச்சியாக இருக்கிறது. உழைத்தவர்களின் வரலாற்றுக்கு மட்டும் சான்றிதழ் ஒரு தொடக்கத் தேதி போட்டுவிடுகிறது.

மருந்தடிப்பை எடுத்துக்கொள்வோம். முதுகில் தோம்பைச் சுமந்துகொண்டு களைக்கொல்லி அடிக்கும் வேலை தோட்டத்தில் பெரும்பாலும் பெண்களுடையது. அவர்களில் தமிழ்ப் பெண்களே அதிகம். அவர்கள் அடித்தவற்றில் பாராகுவாட்டும் ஒன்று. உடம்பில் எரிச்சல், நகம் கறுத்து உதிர்வது, மூக்கில் ரத்தம் என்று அவர்கள் வீட்டில் சொல்லிவந்ததை 2002-இல் தெனாகானித்தா அமைப்பு ஆய்வாக வெளியிட்டது. அதே ஆண்டு அரசு பாராகுவாட்டைத் தடைசெய்தது. ஆனால் தொழில்துறையின் எதிர்ப்பால் 2006-இல் தடையைத் தளர்த்தியது. முழுத்தடை வந்தது 2020 ஜனவரி 1-இல்தான்.

ஆர்.எஸ்.பி.ஓ.வின் முதல் சான்றிதழ் 2008-இல் மலேசியத் தோட்ட நிறுவனம் ஒன்றுக்குக் கிடைத்தது. பாராகுவாட்டை அது தன் விதிகளில் ஏறக்குறைய முழுமையாக விலக்கியது 2018-இல். இடைப்பட்ட பத்து ஆண்டுகள் பாராகுவாட் அடித்த தோட்டத்தின் எண்ணெயும் 'நிலைத்தன்மை வாய்ந்த எண்ணெய்' என்ற பெயரில் விற்கப்பட வழியிருந்தது. அந்தப் பத்து வருஷமும் அதற்கு முந்திய காலமும் அந்தப் பெண்களின் உடம்பில் இருக்கின்றன. சான்றிதழில் இல்லை.

நடந்து முடிந்ததை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று கேட்கலாம். காட்டுக்கு எடுக்கிறார்களே! 2005 நவம்பருக்குப் பிறகு முறையான மதிப்பீடு இல்லாமல் அழித்த காட்டுக்கு ஈடுசெய்ய ஆர்.எஸ்.பி.ஓ.வில் தனி நடைமுறையே உண்டு. கடனுக்கும் எடுத்திருக்கிறார்கள். கட்டாய உழைப்புக்கான அறிகுறிகளைக் காட்டி 2020 டிசம்பரில் சைம் டார்பியின் செம்பனை எண்ணெயை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. அதன் பிறகு, தொழிலாளர்கள் வேலைக்கு வர முகவர்களிடம் கட்டிய பணத்தை நிறுவனம் திருப்பிக் கொடுத்தது. வேலையை விட்டுப் போனவர்களையும் தேடிக் கொடுத்தது. மொத்தம் 8 கோடி ரிங்கிட்டுக்கு மேல். 2023 பிப்ரவரியில் தடை நீங்கியது.

இந்த இடத்தில் 1907-ஐ நினைக்க வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டு ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதிக்கு முதலாளிகள் பணம் கட்டினார்கள். தமிழ்த் தொழிலாளியின் கப்பல் செலவை அந்த நிதி ஏற்றது. சட்டப்படி அவன் கடனில்லாமல் மலாயாவில் கால் வைத்தான். நடைமுறையில் கங்காணி கணக்கு வேறு என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தில் இருந்த ஒன்றை, நூறு வருஷம் கழித்து வந்த வங்காளதேசத் தொழிலாளிக்குச் சான்றிதழ் உறுதிசெய்யவில்லை. வெளிநாட்டுச் சுங்கத்துறைதான் அதைச் செய்ய வைத்தது. ஆக, வாங்குபவர் கதவை அடைத்தால் பழைய கணக்கும் திறக்கும். மருந்தடித்த பெண்களுக்காக யாரும் கதவை அடைக்கவில்லை.

அவர்களில் பலரும் இன்று தோட்டத்தில் இல்லை. நீலாய், லாபு, செண்டாயான் வட்டாரங்களில் தோட்டமே பல இடங்களில் இல்லை, வீடமைப்புப் பகுதிகள்தான். சான்றிதழ் எண்ணெய் விளையும் வரைதான் நிலத்தோடு இருக்கும். நிலம் வீட்டுமனையாக மாறினால் கோயில், சுடுகாடு, தமிழ்ப்பள்ளி பற்றிக் கேட்கத் தணிக்கையாளர் வரமாட்டார்.

இன்னும் செம்பனை நிற்கும் தோட்டங்களில் ஒரு வழி இருக்கிறது. பாதுகாக்க வேண்டிய உயர்மதிப்பு இடங்களின் பட்டியலில் சமய, பண்பாட்டு இடங்களையும் விதிகள் சேர்த்திருக்கின்றன. தணிக்கைக்கு முன் பொதுமக்கள் கருத்துச் சொல்ல அறிவிப்பு வரும். தோட்டத்தை விட்டு வந்தவர்களும் எழுதலாம். நம் தாத்தா பாட்டியைப் புதைத்த இடம் எந்த நிரையில் இருக்கிறது, முனீஸ்வரர் கோயில் எந்த ஆண்டிலிருந்து இருக்கிறது, யார் எத்தனை வருஷம் மருந்தடித்தார்கள் என்பதை எழுதி அனுப்பலாம். பட்டியலில் ஏறினால் அந்த இடத்தைத் தொடுவதற்கு முன் நிறுவனம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லத் தெரிந்தவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. தோட்டம் விற்கப்படுவதற்கு முன் எழுத வேண்டும்.