ஒரு கிண்ணம் குதிரைப்பாலும் ஒரு திருமுழுக்கும்

1253 ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கம். கருங்கடலுக்கு வடக்கே, மங்கோலியர் ஆட்சிக்குட்பட்ட புல்வெளியில், பிரான்சிஸ்கன் துறவி வில்லியம் ரூப்ரக்கிடம் ஒரு மாலைப்பொழுதில் புளித்த குதிரைப்பால் நீட்டப்படுகிறது. அதுவரை அவர் அதைச் சுவைத்ததில்லை. முதல் மிடற்றிலேயே திகைப்பில் உடலெங்கும் வியர்த்ததாக எழுதும் அவர், உடனேயே அது நல்ல சுவையுடைய பானம் என்றும் சேர்த்துக்கொள்கிறார். பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயியின் கடிதத்துடன் சென்ற அவர், திரும்பியபின் அம்மன்னருக்கு இலத்தீனில் எழுதிய அறிக்கையில் இச்செய்தி உள்ளது.

இன்று மங்கோலியாவில் ஐராக் என்றும் பிற இடங்களில் கூமிஸ் என்றும் வழங்கும் இப்பானத்தின் செய்முறையை, ரூப்ரக் அளவுக்கு நுணுக்கமாகப் பதிவுசெய்த இடைக்கால ஐரோப்பியர் மிகச் சிலரே. நிலத்தில் நட்ட இரு முளைகளுக்கிடையே கயிறு கட்டி, அதில் குட்டிகளைப் பிணைக்கின்றனர். தாய்க்குதிரைகள் குட்டிகளின் அருகே அமைதியாக நின்று கறக்க விடுகின்றன. பாலைப் பெரிய தோற்பையில் ஊற்றி, அடியில் மனிதத் தலையளவு பருத்து உட்குடைந்த மத்தினால் அடிக்கின்றனர். பால் நுரைத்துப் புளிக்கிறது, வெண்ணெய் பிரிகிறது. குடிக்கும்போது நாவைச் சுரீரெனக் குத்தும். குடித்தபின் வாதுமைப் பாலின் சுவை நிற்கும். கசடு அடியில் தங்கும்வரை அடித்துத் தெளியவைத்த ‘கரும் கூமிஸ்’ பிரபுக்களுக்குரியது, அடிக்கசடு பணியாளர்க்கு. வோல்கா கரையிலிருந்த பாத்துவின் பாளையத்திற்கு நாள்தோறும் 3,000 குதிரைகளின் பால் வந்ததாகவும் அவர் குறிக்கிறார். கேள்விப்பட்ட எண்ணாகவே அதைக் கொள்ளவேண்டும். ஆயினும் அந்தப் பொருளாதாரத்தின் அளவை அது காட்டுகிறது.

சுவை பற்றிய இக்குறிப்புகளைவிட முக்கியமானது அதே ஜூன் மாதத்தில் நிகழ்ந்த மற்றொன்று. அப்புல்வெளியில் வாழ்ந்த ரஷ்ய, கிரேக்க, ஆலானியக் கிறித்தவர்களில் தம் சமயநெறியைக் கண்டிப்பாகப் பேணியோர் கூமிஸைத் தொடுவதில்லை. அருந்தியவர், கிறிஸ்துவை மறுதலித்தவர் போலவே கருதப்பட்டார்; குருக்கள் அவரைச் சடங்குமுறையில் மீண்டும் சபையில் சேர்க்கவேண்டியிருந்தது. ஆலானியர் சிலர் ரூப்ரக்கிடம் வந்து, இப்பானத்தைக் குடிக்க நேர்ந்த தமக்கு மீட்பு உண்டா என்று கேட்டனர். அவர் தம்மால் இயன்றவரை தெளிவூட்டினார்.

பெந்தெகொஸ்தே திருநாளன்று முஸ்லிம் ஒருவர் அவரிடம் உரையாட வந்தார். விளக்கங்களைக் கேட்டபின் திருமுழுக்குப் பெற விரும்பினார். ஏற்பாடுகள் நடந்துகொண்டிருக்கையில் திடீரெனக் குதிரையேறி, மனைவியைக் கலந்து வருவதாகச் சொல்லிச் சென்றார். மறுநாள் அவர் தந்த விடை: இயலாது; கிறித்தவரானால் கூமிஸ் குடிக்க முடியாதாம், அதுவின்றி இந்நிலத்தில் உயிர்வாழ முடியாது. கூமிஸ் குடித்த கிறித்தவரே எதிரில் அமர்ந்திருந்தும் அவர் எண்ணத்தை மாற்ற இயலவில்லை.

குதிரைப்பாலை விலக்கும் விதி எதுவும் ரூப்ரக்கின் சமயத்தில் இல்லை. வென்றவரிடமிருந்து தம்மைப் பிரித்துக்காட்ட, ஆளப்பட்ட கிறித்தவர் வகுத்துக்கொண்ட வேலியாகவே இவ்விலக்கைக் கொள்ளத் தோன்றுகிறது. கிண்ணமொன்று சமய எல்லையாவது எப்படி என்பதை இந்திய வரலாறு பயில்வோர்க்கு விளக்கவேண்டியதில்லை. நாடோடி வாழ்வுக்கு அப்பால் மந்தை இன்றியமையாத பஞ்சநிலத்தில் அவ்வேலிக்கு விலை அதிகம் என்பதை, குதிரையேறிப் போன அம்மனிதர் நன்கறிந்திருந்தார்.

அவர் சொன்னதன் உண்மையை ரூப்ரக் விரைவிலேயே தம் உடலால் உணர்ந்தார். செப்டம்பர் முதல் டிசம்பர் இறுதிவரை மோங்கே கானின் பாளையத்தை நோக்கிய பயணத்தில், பகலில் ஏதேனும் பானமோ தினைக்கஞ்சியோ மட்டும், இறைச்சி மாலையில்தான். எரிக்கச் சாணம் கிடைக்காதபோது அதையும் பாதி வேகாமலே உண்டனர். உடன்வந்த துறவியும் பசியால் வாடினார். வெள்ளிக்கிழமைகளில் மாலைவரை நோன்பிருந்து, வேறு உணவின்மையால் மனவருத்தத்துடன் இறைச்சியே உண்டதாக ரூப்ரக் ஒளிவின்றி எழுதுகிறார். பிறருடைய வேலியைத் தவறென்றவருக்குத் தம் வேலியைத் தாண்டுவது எளிதாக இருக்கவில்லை.

1254 ஜனவரியில் மோங்கே கான் முன்னிலையில் திராட்சை மது, அரிசி மது, கரும் கூமிஸ், தேன் மது ஆகிய நான்கில் எது வேண்டுமென்று கேட்கப்பட்டது. பானத்தில் இன்பம் நாடுவோர் நாங்கள் அல்லர் என்று விடையிறுத்தார். தரப்பட்ட அரிசி மதுவை மரியாதைக்காகச் சிறிதே சுவைத்தார். அவருடைய மொழிபெயர்ப்பாளரோ நிறையக் குடித்துவிட்டதால், கான் சொன்னவற்றுள் பாதி விளங்காமற் போயிற்று. அவ்வாண்டு கோடையில் காரகோரத்திலிருந்து திரும்பியபோது, அங்கே தாம் திருமுழுக்களித்தோர் மொத்தம் ஆறு பேர் என்று கணக்கெழுதினார்.