கிராய்டன் நகரின் கிணற்று நீர்

நகரின் நலம் எங்கே காக்கப்படுகின்றது என வினவினால், மருத்துவமனையில் எனப் பலர் விடையிறுப்பர். குழாயடியில் என்பேன் நான். இலண்டனின் தென்பகுதியிலுள்ள கிராய்டன் நகரின் வரலாறே இதற்குச் சான்று.

1937-ஆம் ஆண்டின் இறுதியில் அந்நகரில் டைபாய்டு என்னும் குடற்காய்ச்சல் பரவிற்று. 341 பேர் நோயுற்றனர். 43 பேர் மாண்டனர். ஆடிங்டனிலிருந்த நகராட்சிக் கிணற்றில் அப்போது செப்பனிடும் பணி நடந்துகொண்டிருந்தது. கிணற்றினுள் இறங்கி உழைத்தவருள் ஒருவர், முன்னரே அந்நோய் கண்டு தேறியவர். தாம் நலமாயிருந்தும், நோய்க்கிருமியை உடலில் தாங்கியிருந்தார். வடிகட்டுதலும் குளோரின் கலத்தலும் நிறுத்தப்பட்டிருந்த வேளையிலும் அக்கிணற்று நீர் வீடுகளுக்குச் சென்றது.

பணி நடப்பதைப் பொறியியல் துறை அறியும். சுகாதார அதிகாரிக்கோ அது தெரிவிக்கப்படவில்லை. ஒரே நகராட்சியின் இரு துறைகளுக்கிடையே ஒரு கடிதம் சென்றிருப்பின், பல உயிர்கள் பிழைத்திருக்கக்கூடும்.

தொழிலாளியைக் குற்றவாளி என நான் கருதேன். அவர் தம் உடலில் இருந்ததை அறியார். அறிந்து காக்க வேண்டியவர்களோ, ஒருவரோடொருவர் கலந்து பேசவில்லை. இந்நிகழ்ச்சிக்குப் பின்னர், குடிநீரில் இடையறாது குளோரின் கலப்பதும், நீர்நிலையப் பணியாளரைச் சோதிப்பதும் இங்கிலாந்தில் வலுப்பெற்றன.

மாணவர்களே, விஞ்ஞானம் கிருமியைக் கொல்லும் வழியைக் காட்டும். அவ்வழியை நாள்தோறும் தவறாது கடைப்பிடிப்பது ஆட்சியின் கடன்.