குறி தவறவில்லை, அடையாளம் தவறியது



பாசிர் பெனம்பாங் மீனவர் கிராமத்திலிருந்து பாலத்தைக் கடந்தால் கோலசிலாங்கூர். அங்கே புக்கிட் மெலாவாத்தி, 1784-இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றிய கோட்டை மலை. கடலைப் பார்த்து நிற்கும் பீரங்கிகளை நாம் பார்த்திருக்கிறோம். அக்காலத்தில் சுட்டவன் கப்பலின் பாயையும் கொடியையும் கண்ணால் பார்த்துச் சுட்டான். இன்று வானில் பல கிலோமீட்டர் உயரத்திலுள்ள விமானத்தைக் குறிவைப்பவன் பார்ப்பது ரேடார் திரையில் ஒரு புள்ளியைத்தான்.

அந்தப் புள்ளி ஒருநாள் நமது விமானமாக இருந்தது. 2014 ஜூலை 17-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட எம்.எச்.17, கிழக்கு உக்ரேன் வானில் 33,000 அடி உயரத்தில் வீழ்த்தப்பட்டது. இறந்த 298 பேரில் 43 பேர் மலேசியர்கள். பணியாளர்கள் 15 பேரும் நம் நாட்டவர்களே.

ஏவுகணை வழிதவறிப் போய்விட்டதா என்று பலர் கேட்டார்கள். இல்லை! 'பூக்' ஏவுகணையைச் செலுத்தும் வண்டி இலக்கின்மீது ரேடார் அலையைப் பாய்ச்சும். திரும்பி வரும் அலையைப் பற்றிக்கொண்டு ஏவுகணை பறக்கும். இலக்கை நெருங்கியதும் வெடித்துச் சிதறும். எம்.எச்.17-இல் விமானி அறைக்கு அருகிலேயே வெடித்தது. கருவி தன் வேலையைச் சரியாகவே செய்தது.

பிழை அதற்கு முன்பே நேர்ந்துவிட்டது. இலக்கு எங்கே இருக்கிறது என்பதை ரேடார் காட்டும். அதற்குள் யார் இருக்கிறார்கள் என்பதைக் காட்டாது. 'நம்மவனா' என்று கேட்கும் மின்னணுக் கருவி உண்டு. பதில் வராவிட்டால் எதிரி என்று பொருளல்ல, அது பயணிகள் விமானமாகவும் இருக்கலாம். பெரிய ரேடாரும் கட்டளை நிலையமும் சேர்ந்து இயங்கினால் அதைச் சரிபார்க்க வழியுண்டு. அங்கு கொண்டுவரப்பட்டதோ ஒற்றை ஏவு வண்டி. அன்று மட்டும் ஏறக்குறைய 160 பயணிகள் விமானங்கள் அந்த வான்வழியே சென்றன.

இது முதன்முறையல்ல. 1988-இல் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று, மேலே ஏறிக்கொண்டிருந்த ஈரானியப் பயணிகள் விமானத்தைத் தாக்க வரும் போர் விமானமென்று எண்ணிச் சுட்டது. 290 பேர் மாண்டனர். 2020-இல் ஈரானே தெஹ்ரானுக்கு அருகில் உக்ரேனியப் பயணிகள் விமானத்தை வீழ்த்தியது. 176 பேர் மாண்டனர். இடம் மாற்றப்பட்ட ஏவுகணை வண்டியின் ரேடாரில் திசை சரிசெய்யப்படவில்லை என்றது அந்நாட்டு விசாரணை.

2022 நவம்பர் 17-இல் நெதர்லாந்து நீதிமன்றம் எம்.எச்.17 வழக்கில் மூவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மூவரும் நேரில் வரவில்லை. போர் விமானமென்று எண்ணிச் சுட்டிருக்கக்கூடும், ஆனாலும் அது குற்றமே என்றது தீர்ப்பு. 2025 மே மாதம் அனைத்துலகப் பொது வான் போக்குவரத்து அமைப்பின் மன்றமும் ரஷ்யாவைப் பொறுப்பாக்கியது. ரஷ்யா மறுத்து வருகிறது.

'தவறுதலாகச் சுட்டுவிட்டோம்' என்ற சொல்லோடு கணக்கு முடிந்துவிடக் கூடாது, நேயர்களே. யாரென்று அறியாமல் பொத்தானை அழுத்துவதும் மனிதன் எடுக்கும் முடிவுதான். அதற்கு அவன் பதில் சொல்லியே ஆகவேண்டும்.