தார்க்காகிதக் கொட்டிலில் எழுந்த குரல்

ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்திலே பிறின்ஸ் எட்வேட் என்றொரு மாவட்டம் உண்டு. அதன் தலைமைப் பட்டினம் ஃபாம்வில். அங்கே வெள்ளையர் பிள்ளைகளும் கறுப்பினத்தார் பிள்ளைகளும் ஒரு கூரையின்கீழ் அமர்ந்து கற்றலாகாது என்பது அக்காலத்தில் சட்டமாயிருந்தது. வேறாக வைத்தாலும் சமமாக வைத்தாற் போதும் என 1896 ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வகுத்த நியாயம் அதற்கு அரணாய் நின்றது.

அந்தச் 'சமத்துவ'த்தின் இலட்சணத்தைச் சற்றுக் கேளுங்கள். கறுப்பின மாணாக்கருக்கென 1939 இல் எழுந்த மோட்டன் உயர்தரப் பாடசாலை 180 பேருக்கென அமைந்தது. 1951 இலோ 450 பேருக்கு மேல் அங்கே நெருக்குண்டனர். கல்விச் சபையார் மனமிரங்கி அளித்தவை, பலகையின்மேல் தார்க்காகிதம் ஒட்டிய கொட்டில்கள். மழைக்கு ஒழுகும், பனிக்காலத்தில் அடுப்பருகே இருந்தவர் வெந்தனர், தள்ளியிருந்தவர் மேலங்கியோடு நடுங்கினர். வெள்ளையர் பாடசாலையில் உடற்பயிற்சிக்கூடமும் உணவுச்சாலையும் இருந்தன. இங்கே இரண்டும் இல்லை. பெற்றோர் முறையிட்ட போதெல்லாம் தவணையே கிடைத்தது.

பாபரா ஜோன்ஸ் என்னும் பதினாறு வயது மாணவி இதனைப் பொறுக்கவில்லை. நம்பத்தக்க சிலரை இரகசியமாகச் சேர்த்துக்கொண்டாள். 1951 ஏப்ரல் 23 ஆந் திகதி, பட்டினத்திலே மாணவர் சிலர் தொல்லையில் அகப்பட்டனரென்று ஒரு பொய்த் தொலைபேசிச் செய்தியால் அதிபர் வெளியே அனுப்பப்பட்டார். (செய்தது பொய்தான், ஆயினும் அந்த நல்ல மனிதர்மீது பழி விழாதிருக்கவே அவ்வாறு செய்தனர் என்பர். அப்படியிருந்தும் அவர் வேலையை இழந்தார்.) மண்டபத்திற் கூடிய மாணாக்கர்முன் பாபரா பேசினாள். பாடசாலை முழுவதும் வெளியேறிற்று.

அவர்கள் கேட்டது நல்ல கட்டடம் ஒன்றே. துணைக்கு அழைக்கப்பட்ட நியாயவாதிகளான ஒலிவர் ஹில்லும் ஸ்பொட்ஸ்வூட் றொபின்சனும், கட்டடத்துக்காக வாதாட மாட்டோம், பிரிவினையையே எதிர்ப்பதாயின் வருவோம் என்றனர். கறுப்பினப் பெரியோருள்ளும் இதற்கு அஞ்சினோர் இருந்தனர். அவர்களின் அச்சம் வீணானதென்று கூறுதற்கில்லை. எனினும் மாணாக்கரும் பெற்றோரும் உடன்பட்டனர். மே 23 இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. பாபராவுக்குத் தீங்கு நேருமென அஞ்சிய பெற்றோர், அவளை மொன்ற்கொமரியில் வாழ்ந்த தந்தையின் சகோதரர், போதகர் வேணன் ஜோன்ஸிடம் அனுப்பிவிட்டனர்.

1953 இல் மோட்டனுக்குப் புதுக்கட்டடம் வந்தது, பிரிவினை மாறாமலே! வேறு நான்கு வழக்குகளோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட இவ்வழக்கில், பாடசாலைப் பிரிவினை அரசியலமைப்புக்கு முரணென 1954 மே 17 இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. மாவட்டத்தார் என்செய்தனர்? சேர்ந்திருத்தலிலும் இல்லாதிருத்தல் நன்றென்று, 1959 இல் அரசினர் பாடசாலைகள் யாவற்றையும் பூட்டிவிட்டனர். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பாடசாலை எழுந்தது. கறுப்பினப் பிள்ளைகள் ஏறக்குறைய 1,700 பேர் தெருவில் நின்றனர். சிலர் அயலூர் உறவினர் வீடுகளுக்குப் பிரிந்து போயினர். சிலர் தேவாலயங்களில் நடந்த சிறு வகுப்புக்களிற் சேர்ந்தனர். 1963 இல் நன்கொடையால் ஓர் இலவசப் பாடசாலை அமைப்பு இயங்கிற்று. 1964 இல் உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டபின்னரே பொதுப் பாடசாலைகள் திறந்தன. போக்கிடமின்றி ஊரிலே தங்கிய ஆறு வயதுப் பிள்ளை, முதல் வகுப்பறையைக் கண்டபோது பத்து வயதை எட்டியிருந்தது.

பாபரா பின்னாளில் பிலடெல்பியாவில் நூலகராகப் பணிபுரிந்து, 1991 இல் காலமானார்.