இராணி மங்கம்மாளின் குடிவழி

இராணி மங்கம்மாள் 1689 முதல் 1706 வரை, பேரன் விசயரங்க சொக்கநாதரின் பெயரால் மதுரை நாயக்க அரசை ஆண்டவர். கம்பம் பள்ளத்தாக்கின் போடிநாயக்கனூர் உள்ளிட்ட பல பாளையங்கள் இவ்வரசுக்குக் கட்டுப்பட்டிருந்தன.

இவருடைய புகுந்த வீட்டின் மரபு விசுவநாத நாயக்கரில் தொடங்குகிறது. தந்தை துப்பாகுல லிங்கம நாயக்கரோ அரசர் அல்லர். சொக்கநாத நாயக்கரின் படைத்தலைவர்களுள் ஒருவர்.

கணவர் சொக்கநாதர், திருமலை நாயக்கரின் பேரன். 1659-இல் திருமலை நாயக்கர் இறந்தபின் மகன் முத்துவீரப்பர் சில மாதங்களே ஆண்டார். அடுத்து இளம் வயதிலேயே சொக்கநாதர் பட்டத்துக்கு வந்தார். தஞ்சை விசயராகவ நாயக்கரின் மகளை மணக்க அவர் விரும்பினார். தஞ்சை பெண் கொடுக்க மறுத்தது. 1673-இல் நடந்த போரில் விசயராகவர் மாண்டார். தஞ்சை அரசு மதுரையின் கைக்கு வந்தது. அரசர் வீட்டுப் பெண் கேட்டுப் பகை வளர்த்த அந்த அரண்மனையைப் பின்னாளில் தாங்கி நின்றவர் படைத்தலைவரின் மகளே.

1682-இல் சொக்கநாதர் மறைந்தார். மகன் அரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் 1689-இல் பெரியம்மை கண்டு இறந்தபோது, அவர் மனைவி முத்தம்மாள் கருவுற்றிருந்தார். உடன்கட்டை ஏறத் துணிந்த மருமகளை மங்கம்மாள் தடுத்தார். மருமகளின் உயிரோடு அரசின் ஒரே நேர் வாரிசும் அன்று அந்த வயிற்றில் இருந்தது. ஆண் குழந்தை பிறந்தது. தாய் சில நாட்களில் உயிரை விட்டார். கைக்குழந்தைக்கு முடிசூட்டிப் பாட்டி ஆட்சியை நடத்தினார்.

இங்கிலாந்தில் தியூடர் மரபின் முதல் அரசர் ஏழாம் ஹென்றியின் தாய் மார்கரெட் போஃபோர்ட் (1443–1509). அவர் மூன்றாம் எட்வர்டு மன்னரின் மகனான ஜான் ஆஃப் கான்ட்டின் கொள்ளுப்பேத்தி. மகனுக்கு அரசுரிமை தாய்வழி இரத்தத்தில் வந்தது. மங்கம்மாளுக்கோ உரிமை மருமகளாக வந்து, பாட்டியாக நிலைத்தது. அதனால்தான் பேரன் வளர்ந்ததும் அது முடிந்தது. 1706-இல் விசயரங்கர் ஆட்சியை ஏற்றார். பாட்டியைச் சிறைவைத்துப் பட்டினி போட்டார்கள் என்ற கதை மக்களிடையே வழங்குகிறது. அதை வரலாறாகக் கொள்ள முடியாது.

விசயரங்கர் 1732-இல் பிள்ளை இல்லாமல் இறந்தார். அவர் மனைவி மீனாட்சி, மங்கம்மாளைப் போலவே ஒரு சிறுவனின் பெயரால் ஆள முயன்றார். ஆனால் சிறுவன் விசயகுமாரன் தத்துப்பிள்ளை. அவனைப் பெற்ற பங்காரு திருமலை, நாயக்கர் குடியின் கிளைவழியினர், அரியணை தனக்கே உரியது என்றார். இந்த வழக்கில் நுழைந்த சந்தா சாகிபு முதலில் மீனாட்சிக்குத் துணை நிற்பதாக வாக்களித்து, பிறகு அவரையே சிறைவைத்தார். மீனாட்சி நஞ்சுண்டு இறந்தார்.