படத்தின் பின்பக்கம்

ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது (1936-39), குண்டுவீச்சுக்கு ஆளான ஊர்களின் பிள்ளைகளைக் குடியரசு அரசு வலென்சியா, காட்டலோனியா பக்கம் அனுப்பிவைத்தது. அங்கே பெரிய வீடுகள் 'கொலோனியா' என்ற உறைவிடப் பள்ளிகளாயின. அந்தப் பிள்ளைகள் வரைந்தவற்றில் 60 படங்கள் 1938-ல் ஆல்டஸ் ஹக்ஸ்லியின் முன்னுரையோடு அமெரிக்காவில் நூலாக வந்தன. 600-க்கும் மேற்பட்டவை இன்று சான் டியகோவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. விமானமும் தீயும்தான் முதலில் கண்ணில் படும் என்பதால் எல்லோரும் இவற்றைப் போர்ச் சாட்சியம் என்கிறார்கள். எனக்கு இவை பள்ளிக்கூட ஆவணங்கள். தாளைத் திருப்பினால் பல படங்களில் பெயர், வயது, கொலோனியா எது என்ற குறிப்பு இருக்கிறது. பயிற்சி நோட்டின் மேலட்டை போல.

ஆசிரியர் சொல்லித்தானே வரைந்தார்கள், நிதி திரட்டும் பிரச்சாரத்துக்குத்தானே பயன்பட்டன என்று கேட்கலாம். உண்மைதான்; அந்த நூலே நிவாரண நிதிக்காக விற்கப்பட்டது. ஆனால் தலைப்புக் கொடுத்து எழுதச் சொல்வதும் வரையச் சொல்வதும் வகுப்பறையின் அன்றாட வேலை. மேலும், பிரச்சாரத்துக்குக் குண்டுவீச்சு போதும். சில படங்களில் வரும் சாப்பாட்டு மேசை எதற்கு? விளையாடும் பிள்ளைகள் எதற்கு? வீட்டை விட்டு வந்த பிள்ளைக்குப் பள்ளி எப்படியிருந்தது என்பதை இந்தச் சாதுவான படங்கள்தான் காட்டுகின்றன. சிலவற்றில் ரயில் நிற்கிறது. வழியனுப்ப வந்தவர்கள் நடைமேடையிலேயே இருக்கிறார்கள்.